பாதிக் கடையை இடித்தால் மீதிக் கடை பிழைக்கும்: ஸ்டாக்டன் கடைத்தெருவின் கணக்கு

பிரிட்டனில் கடைத்தெரு ஒன்று நொடிந்துபோகத் தொடங்கினால், கவுன்சில்களின், அதாவது உள்ளாட்சி மன்றங்களின், கை முதலில் போவது தரைக்கல்லுக்குத்தான். பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பாவுவார்கள், பெஞ்சு போடுவார்கள், நீரூற்று வைப்பார்கள், விளக்குக் கம்பத்தை மாற்றுவார்கள். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தப் புதுக் கல்லுக்கு எதிரே அதே ஷட்டர்கள் இறங்கியே கிடக்கும், கூடவே இன்னும் நாலைந்து. கல் மோசமாக இருந்ததற்காக அந்தக் கடைகள் மூடவில்லை. ஊருக்கு வேண்டியதைவிடக் கடை இடம் அதிகமாகிவிட்டது, அதனால் மூடின. அந்த அதிகத்தைக் குறைக்காமல் வேறு எதைச் செய்தாலும் மேல்பூச்சாகவே நிற்கும்.

இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, ஊர் நடுவில் இருந்த ஷாப்பிங் சென்டரைத் தானே விலைக்கு வாங்கி இடித்த கவுன்சில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஸ்டாக்டன்-ஆன்-டீஸ். 1310-ல் சந்தை உரிமை பெற்ற ஊர். 1825-ல் ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில் பாதை திறந்ததும், ஊரின் முதன்மைக் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827-ல் உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலாக விற்றதும் இந்த ஊரின் பெருமை. பிரிட்டனிலேயே அகலமான ஹை ஸ்ட்ரீட் எங்களுடையது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த அகலம் சந்தை கூடுவதற்காக விடப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் ஆற்றுப்பக்க வரிசையில் ஒரு பெரும் பகுதியை இடித்து காஸில்கேட் ஷாப்பிங் சென்டரையும் அதை ஒட்டி ஒரு ஹோட்டலையும் கட்டினார்கள். டீஸ் ஆறு சில நூறு அடி தள்ளி ஓடினாலும், கடைத்தெருவில் நிற்பவருக்கு அது கண்ணில் படாமல் போனது. 1988-ல் ஊருக்கு வெளியே பழைய குதிரைப் பந்தய மைதானத்தில் டீஸைட் பார்க் என்ற ரீடெய்ல் பார்க், அதாவது பெரிய கடைகளின் தொகுதி, வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய இடம், கார் நிறுத்தக் காசு கிடையாது. அடுத்து 2000-த்தை ஒட்டி, நடு ஊரிலேயே வெலிங்டன் ஸ்கொயர் என்று இரண்டாவது ஷாப்பிங் சென்டர். ஆக ஒரு நடுத்தர ஊரின் நடுவில் நீளமான ஒரு ஹை ஸ்ட்ரீட்டும் இரண்டு வளாகங்களும், வெளியே இலவச பார்க்கிங்கோடு ஒரு ரீடெய்ல் பார்க்கும் என்று ஆனது. 2008 முடிவில் வூல்வொர்த்ஸ், 2016-ல் பிஎச்எஸ் என்று நாடு முழுக்கப் பெரிய கடைகள் சரியத் தொடங்கியபோது இப்படிப்பட்ட ஊர்கள்தான் முதலில் அடி வாங்கின.

இங்கேயும் முதலில் நடந்தது தரைவேலைதான். 2012-ல், கடைத்தெருக்களை மீட்பது பற்றி மேரி போர்ட்டஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையை ஒட்டி அரசு தேர்ந்தெடுத்த 12 முன்னோடி ஊர்களில் ஸ்டாக்டனும் ஒன்று. ஹை ஸ்ட்ரீட் முழுவதையும் புதுப்பித்தார்கள். தண்ணீர்த் தாரைகள் வந்தன. 2016-ல் ஸ்டாக்டன் ஃப்ளையர் என்ற இயந்திரச் சிற்பம் வந்தது. ரயிலை நினைவூட்டும் அந்தப் பித்தளை நிற வண்டி, பகல் 1 மணிக்குப் பீடத்தைத் திறந்துகொண்டு ஆவி விட்டபடி மேலே எழும்பும். அழகான வேலை, பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஆனால் 2018-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஸ்டாக்டன் கடையை மூடுவதாக அறிவித்தது. தெரு நன்றாக இருந்தும் அந்தக் கடையை அங்கே நிறுத்தி வைக்க முடியவில்லை.

2019-ல் கவுன்சில் காஸில்கேட், வெலிங்டன் ஸ்கொயர் இரண்டையும் வாங்கியது. காஸில்கேட்டில் மீந்திருக்கும் கடைகளை வெலிங்டன் ஸ்கொயருக்கும் ஹை ஸ்ட்ரீட்டுக்கும் நகர்த்துவது, காஸில்கேட்டை இடிப்பது, அந்த இடத்தில் ஆறு வரை இறங்கும் ஒரு பூங்கா அமைப்பது என்று திட்டம் போட்டார்கள். பரப்பளவில் லண்டன் டிரஃபால்கர் ஸ்கொயரைப் போல மூன்று மடங்கு. நடுவில் குறுக்கே ஓடும் ஆற்றங்கரைச் சாலையைக் குறுக்கி, அதன் மேல் மண்பாலம் போட்டுத் தெருவையும் ஆற்றையும் சேர்ப்பது. இதற்கு அரசின் ஃப்யூச்சர் ஹை ஸ்ட்ரீட்ஸ் நிதியிலிருந்து 16.5 மில்லியன் பவுண்டு கிடைத்தது. 2022-ல் இடிப்பு தொடங்கியது.

வேறு ஊர்கள் பின்பற்ற விரும்பினால் இதில் கவனிக்க வேண்டியது வேலைகளின் வரிசை: முதலில் எண்ணுவது, பிறகு உடைமையைக் கைக்குக் கொண்டுவருவது, பிறகு ஒரே இடத்தில் சேர்ப்பது, பிறகு இடிப்பது, கல் பாவுவது கடைசியில். இந்த வரிசையை மாற்றிச் செய்த ஊர்களில் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்திருக்கிறது.

எண்ணுவது

காலிக் கடைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தெருவில் நடந்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: முகப்பு எத்தனை மீட்டர், தரைத்தளம் எவ்வளவு, இப்போது என்ன நடக்கிறது, காலி என்றால் எப்போதிலிருந்து, மேல்மாடியில் என்ன இருக்கிறது, மேலே போகத் தனிப் படிக்கட்டு உண்டா, பின்பக்கம் வேன் வர முடியுமா, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது. பத்திர விவரம் நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஒரு சொத்துக்கு 7 பவுண்டு. வணிகக் கட்டட வரிக்கான மதிப்பு, அதாவது ரேட்டபிள் வேல்யூ, அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 200 கடை உள்ள தெருவுக்கு 1,400 பவுண்டும் இரண்டு பேரின் மூன்று வார உழைப்பும் போதும். ஆலோசனை நிறுவனத்துக்குப் பெரும் தொகை கொடுத்து வாங்கும் பளபளப்பான அறிக்கையில் பெரும்பாலும் இந்தப் பட்டியல் இருக்காது.

படிக்கட்டை ஏன் கேட்கிறோம் என்றால், பழைய தெருக்களில் பெரும்பாலான மேல்மாடிகள் பாழடைந்து கிடப்பதற்குக் காரணமே அதுதான். கடை முகப்பை அகலமாக்குவதற்காக, தெருவிலிருந்து மேலே போன தனிக் கதவையும் படியையும் எப்போதோ எடுத்துவிட்டிருப்பார்கள். அதன்பின் கடைக்குள் புகுந்துதான் மேலே போக முடியும். அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள், அலுவலகமும் வராது. கூரை ஒழுகுவதைப் பார்க்கவும் ஆள் இல்லை. படிக்கட்டைத் திரும்பக் கட்ட முகப்பில் ஏறத்தாழ ஒரு மீட்டர் போகும். 5 மீட்டர் முகப்புள்ள கடைக்கு அது பெரிய இழப்பு. ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று கட்டடங்களை ஒருவரே வைத்திருந்தால், பின்பக்கமாக ஒரே பொதுப் படிக்கட்டு வைத்து மூன்றின் மாடியையும் திறந்துவிடலாம். பத்திரப் பட்டியல் இல்லாமல் இந்த வாய்ப்பு யார் கண்ணிலும் படாது.

ஆட்களை எண்ணும்போது சனிக்கிழமை மதியத்தோடு நிறுத்திவிடக் கூடாது. தெருவின் நாலைந்து இடங்களில், காலை 8 முதல் இரவு 8 வரை ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம், சந்தை கூடும் நாளிலும் கூடாத நாளிலும் எண்ண வேண்டும். எங்கே கூட்டம் சட்டென்று பாதியாகிறதோ அதுதான் அந்த ஊரின் உண்மையான கடைத்தெரு முடியும் இடம். வரைபடத்தில் தெரு அதையும் தாண்டி நீண்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள கடைகளை வீடாகவோ மருத்துவமனையாகவோ பயிற்சிக்கூடமாகவோ மாறவிடுவதே நல்லது. கோட்டுக்கு உள்ளே தரைத்தளத்தைக் காக்க வேண்டும்.

அந்தக் காவலுக்குச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து கடை, வங்கி, உணவகம், அலுவலகம், ஜிம் எல்லாம் கிளாஸ் ஈ என்ற ஒரே வகைக்குள் வந்துவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் திட்ட அனுமதி வேண்டாம், அது நல்லது. ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து அந்த வகைக் கட்டடத்தை முழு அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்றும் ஆயிற்று. 1,500 சதுர மீட்டர் என்றிருந்த வரம்பையும், மூன்று மாதம் காலியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். விளைவாக நல்ல கடை வரிசையின் நடுவில் ஒரு சன்னல் திரை போட்ட படுக்கையறையாகிவிடும். அந்த இடத்தில் நடப்பவரின் பார்வை அறுந்து, அடுத்த கடைக்குப் போகாமல் திரும்பிவிடுவார். தடுக்க, அந்த இடத்தில் மறுபடி திட்ட அனுமதியைக் கட்டாயமாக்கும் ஆர்ட்டிகிள் 4 என்ற உத்தரவு போடலாம். நஷ்டஈடு கொடுக்காமல் தப்பிக்க 12 மாத முன்னறிவிப்பு தேவை. அதனால் எண்ணி முடித்த வாரமே அதைத் தொடங்கிவிட வேண்டும். ஊர் முழுக்கப் போட்டால் அரசு ஏற்காது. எண்ணிக்கை காட்டிய அந்தக் கோட்டுக்குள் மட்டும் கேட்டால் வாதாட வலு இருக்கும்.

வாடகையைக் குறைக்காததற்குக் காரணம்

"ஆறு வருடமாகக் காலி, கொஞ்சம் வாடகையைக் குறைத்தால் யாராவது வருவார்களே" என்று ஊரே கேட்கும். உரிமையாளரின் கணக்கு வேறு. வாடகை வருடத்துக்கு 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர்கள் 8 சதவீத வருமானத்தை எதிர்பார்த்தால் அந்தக் கட்டடத்தின் மதிப்பு 5 லட்சம் பவுண்டு. அதை ஈடு வைத்து 3 லட்சம் கடன். இப்போது 20,000-க்கு ஒருவர் வருகிறார். கையெழுத்துப் போட்ட மறுநாள் கட்டடத்தின் மதிப்பு இரண்டரை லட்சம், கடனைவிடக் குறைவு. வங்கி கதவைத் தட்டும். காலியாக வைத்திருக்கும் வரை 40,000 என்று ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் வாடகையைக் குறைக்கச் சொல்வதைவிட ஒரு வருடம் வாடகை இல்லாமல் தரச் சொன்னால் உடனே சம்மதிப்பார்கள். பத்திரத்தில் 40,000 அப்படியே நிற்கும்.

காலிக் கட்டடத்துக்கு வரி விழாதா என்றால், விழும். முதல் மூன்று மாதம் விலக்கு, பிறகு முழு வரி, ரேட்டபிள் வேல்யூவில் பவுண்டுக்கு 40, 50 பென்ஸ் என்ற அளவில். ஆனால் பட்டியலிடப்பட்ட பழமைக் கட்டடங்களுக்குக் காலி வரியே இல்லை. அந்த வரிமதிப்பு 2,900 பவுண்டுக்குக் கீழே உள்ளவற்றுக்கும் இல்லை. மற்றவர்கள் ஒரு மூலையில் சில பெட்டிகளை அடுக்கி ஆறு வாரம் புழக்கத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டு மறுபடி மூன்று மாத விலக்கு வாங்கிவந்தார்கள். 2024 ஏப்ரலில் அந்த ஆறு வாரத்தை 13 வாரமாக்கினார்கள். அப்படியும் முழுதாக ஓயவில்லை.

2024 டிசம்பரிலிருந்து இங்கிலாந்து கவுன்சில்களுக்கு வாடகை ஏலம் விடும் அதிகாரம் வந்திருக்கிறது. கடை தொடர்ந்து 365 நாள் காலியாகவோ, இரண்டு வருடத்தில் மொத்தம் 366 நாள் காலியாகவோ இருந்திருக்க வேண்டும். முதல் நோட்டீஸ் 10 வாரம் செல்லும். எட்டு வாரத்துக்குள் உரிமையாளரே ஆள் பிடித்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் இறுதி நோட்டீஸ், அது 14 வாரம். அதற்குள் ஏலத்தை முடித்து, ஒன்று முதல் ஐந்து வருட லீஸுக்கு விடலாம். குறைந்தபட்ச விலை கிடையாது. இதில் பெரும்பாலான பயன் முதல் நோட்டீஸிலேயே கிடைக்கும். கடிதம் போன பிறகுதான் பல வருடம் பதில் தராத உரிமையாளரின் தொலைபேசி எண் கிடைக்கும். தவறு நடக்கும் இடம் நாள்காட்டி. காலியாக இருந்ததற்குத் தேதி போட்ட புகைப்படம் மாதாமாதம் எடுத்து வைக்காத கவுன்சில், உரிமையாளர் மறுக்கும்போது நிரூபிக்கத் திணறும். கடைத்தெருவுக்கு எல்லை வகுத்து முன்கூட்டியே அறிவித்திருக்கவும் வேண்டும்.

வாங்குவது

ஷாப்பிங் சென்டர் விலை விழுந்துவிட்டது, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குவது பெரிய ஆபத்து. உதாரணத்துக்கு 40 கடை உள்ள வளாகம், அதில் 14 காலி என்று கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் பராமரிப்புப் பங்கு 12,000 பவுண்டு. காலிக் கடைகளின் பங்கை உரிமையாளர்தான் போட வேண்டும், அதாவது வருடம் 1,68,000. அதன்மேல் காலி வரி, காப்பீடு, இரவுக் காவல். நிறைய வளாகங்களில் வரும் வாடகை இதற்கே போதாது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் கடைகளைவிடக் கார் பார்க்கிங் மாடி முக்கியம். குளிர்காலத்தில் கார் சக்கரங்கள் கொண்டுவரும் சாலை உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளிருக்கும் கம்பியை அரித்துவிடும். மேலே வண்ணம் பூசியிருப்பார்கள். கான்கிரீட்டில் துளையிட்டு உப்பளவு சோதிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்து தட்டைக் கூரை, எஸ்கலேட்டர், தீயணைப்புத் தெளிப்பான், கல்நார். பிரிட்டனில் கல்நாருக்கு முழுத் தடை வந்தது 1999-ல்தான். 1970-களின் கட்டடத்தில் அது கூரையிலும் குழாய் உறையிலும் தரை ஓட்டுக்கு அடியில் ஒட்டும் பசையிலும்கூட இருக்கும். இடிக்கப்போகிறோம் என்றால் சாதாரண ஆய்வு போதாது. சுவரையும் தரையையும் உடைத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும், அதற்குக் கடைகள் காலியாக இருக்க வேண்டும். ஆகவே கல்நார்ச் செலவு முழுதும் தெரியவருவது வாங்கிய பிறகுதான். அதற்கென்று தாராளமாக ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது பிழைக்கும் வழி.

பழைய கட்டடத்தின் உள்ளிருப்பு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஸ்டாக்டனிலேயே சான்று இருக்கிறது. 1935-ல் கட்டிய குளோப் தியேட்டர் ஆர்ட் டெகோ கட்டடம். 1963 நவம்பர் 22 அன்று பீட்டில்ஸ் அங்கே பாடினார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த அதைக் கவுன்சில் மீட்டெடுக்கப் புகுந்தபோது மதிப்பீடு சுமார் 4 மில்லியன் பவுண்டு. திறக்கத் திறக்கக் கோளாறு வெளிப்பட்டு, 2021-ல் கதவு திறந்தபோது செலவு 28 மில்லியனைத் தொட்டிருந்தது. மக்கள் கோபப்பட்டது நியாயம்தான். இருந்தும் மாலை ஏழு மணிக்குப் பிறகு அந்தத் தெருவுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வர ஒரு காரணம் இப்போது இருக்கிறது. அது கடைகளால் மட்டும் வந்திருக்காது.

கடன் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லாபத்துக்காகச் சொத்து வாங்குவதற்கு அரசுக் கடன் கிடைப்பது 2020 நவம்பரோடு நின்றுவிட்டது. மறுசீரமைப்புக்கு உண்டு. அதற்காக அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வோக்கிங் என்ற ஊர் இருக்கிறது. விக்டோரியா ஸ்கொயர் என்ற வளாகத்தைக் கட்டிய கடனோடு 2023 ஜூனில் அந்தக் கவுன்சில் திவால் அறிவிப்பு கொடுத்தது. எதிர்ப்பக்க ஆபத்துக்கு உதாரணம் லண்டனின் குரோய்டன். 2010-களின் தொடக்கத்திலிருந்து வெஸ்ட்ஃபீல்ட் என்ற பெரிய ஷாப்பிங் சென்டர் வரும் என்று அங்குள்ள பழைய விட்கிஃப்ட் சென்டர் காத்திருந்தது. பெரிய திட்டம் வருகிறது என்று அறிவித்த நாளிலிருந்து யாரும் நீண்ட லீஸ் எடுக்க மாட்டார்கள், யாரும் கூரை மாற்ற மாட்டார்கள். அறிவிப்பே கடைத்தெருவைக் கொல்லும். பணம் உறுதியாகும் வரை படம் வரைந்து வெளியிடாமல் இருப்பது கவுன்சில் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

நகர்த்துவது

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். ஒவ்வொரு கடைக்காரரின் லீஸும், காலம் முடிந்த பிறகும் கடையைத் தொடரும் உரிமை தரும் 1954-ம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருக்கிறதா, விலக்கப்பட்டதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். பாதுகாப்பு இருந்தால் வெளியேற்ற 6 முதல் 12 மாத நோட்டீஸ் வேண்டும். இடிக்கப்போகிறோம் என்பதற்குத் திட்ட அனுமதியும் பணமும் காட்ட வேண்டும். கடையின் வரிமதிப்புக்குச் சமமான தொகையை நஷ்டஈடாகத் தர வேண்டும், 14 வருடத்துக்கு மேல் அங்கே வியாபாரம் நடந்திருந்தால் இரண்டு மடங்கு. விலக்கப்பட்ட லீஸ் என்றால் காலம் முடிந்ததும் ஒன்றும் இல்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹாரோவிலோ கடை நடத்தும் நம்மவர்கள் லீஸில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய ஒரே ஒரு வரி இதுதான். வாடகையில் 500 பவுண்டு குறைப்பதற்காகப் பேரம் பேசுபவர்கள் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சட்டப்படி ஒன்றும் தரவேண்டாம் என்றாலும் கவுன்சில் தர வேண்டும். நகரும் கடைகள்தான் புதிய இடத்துக்கு உயிர். இருபது வருடமாக ஒரே இடத்தில் சாவி வெட்டித் தரும் கடையைத் தேடி வருபவர் பக்கத்தில் பாலும் வாங்குவார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை யாரையும் நகர்த்தக் கூடாது, வருட வருமானத்தில் பெரும் பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். ஜனவரி இறுதி, பிப்ரவரி சரியான நேரம். புதுக் கடையின் சாவியை பழையதைக் காலி செய்யும் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். பழைய கதவில் வரைபடத்தோடு அறிவிப்பு ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

யார் எங்கே போவது என்பது குழாயையும் மின்சாரத்தையும் பொறுத்தது. முடிதிருத்தகத்துக்கு வெந்நீரும் கழிவுநீரும், இறைச்சிக் கடைக்குக் குளிரறையும் மூன்று ஃபேஸ் மின்சாரமும், உணவுக் கடைக்குக் கூரை வரை போகும் புகைக்குழாயும் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் வேண்டும். மேலே வீடு வந்துவிட்ட கட்டடத்தில் புகைக்குழாய் வைப்பது ஏறக்குறைய நடக்காது. ஆகையால் சமைக்கும் கடைகளுக்கு இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு நிரப்ப வேண்டும்.

பெரிய கடையைக் கூறுபோடும்போதும் இதே சிக்கல். 2,000 சதுர மீட்டர் டிபார்ட்மென்ட் ஸ்டோரைப் பத்தாகப் பிரிக்கலாம் என்று காகிதத்தில் வரைவது எளிது. ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், தனி தீ வெளியேற்றம், பின்னால் சரக்கு இறக்கும் பொது நடை எல்லாம் வேண்டும். நடைக்கே நிறைய இடம் போகும். புது மின் இணைப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். துணைமின் நிலையத்தில் திறன் மிச்சமில்லை என்று பதில் வந்தால் வருடம்கூட ஆகலாம். சுவர் கட்டும் முன்பே மின் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். கூறுபோடும் அளவை வைத்து வரியையும் தீர்மானிக்கலாம்: ஒருவருக்கு ஒரே கடை, அதன் வரிமதிப்பு 12,000 பவுண்டுக்குள் என்றால் சிறு வணிகச் சலுகையில் வரி பூஜ்யம். 15,000-க்குள் படிப்படியாக ஏறும். 12,500 மதிப்பு வரும்படி ஒரு கடையை வெட்டுவதைவிடச் சுவரை அரை மீட்டர் நகர்த்தி 11,500-க்குக் கொண்டுவந்தால் கடைக்காரருக்கு வரியே இல்லை.

ஸ்டாக்டன் கவுன்சில் என்டர்பிரைஸ் ஆர்கேட் என்று புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குச் சிறு சிறு கடைகளைக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. நல்ல யோசனை. இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாகச் சிக்குவது அடுத்த படி. 8 சதுர மீட்டரில் வெற்றி பெற்றவர் அடுத்து 100 சதுர மீட்டருக்குத் தாவ முடியாது. நடுவில் 25 முதல் 50 சதுர மீட்டர் வரையுள்ள கடைகள், ஒரு வருட லீஸில், அதே தெருவில் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நன்றாக ஓடும் சிறுகடை வருடக்கணக்கில் அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும், அல்லது வீட்டிலிருந்து இணையத்தில் விற்கப் போய்விடும்.

இடிப்பதும் பாவுவதும்

இடிக்கும் கால அட்டவணையை வௌவால் தீர்மானிக்கும். அவை கூடடைந்திருக்கின்றனவா என்று மாலையில் பார்க்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. பறவைகள் கூடு கட்டும் மாதங்களும் உண்டு. எலிகளுக்கு இடிப்பதற்குச் சில வாரம் முன்பே மருந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாள் இயந்திரம் இறங்கியதுமே எதிர்வரிசை ரொட்டிக் கடைக்குக் குடிபெயர்ந்துவிடும். வளாகத்துக்குள் இருக்கும் துணைமின் நிலையம் பெரும்பாலும் தெருவுக்கும் மின்சாரம் தரும். அதை மாற்றும் வரை சுவரைத் தொட முடியாது. பாதி இடித்து நிறுத்துவதைப் போல ஊரைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. நாட்டிங்ஹாமில் 2020 ஜூனில் வளாகத்தை நடத்திய நிறுவனம் நொடிந்து விழுந்தபோது பிராட்மார்ஷ் சென்டர் பாதி உடைந்த நிலையில் நின்றது. ஒரு பகுதியைப் பசுமையாக்கித் திறந்தது 2024-ல். இடிப்பு ஒப்பந்தத்தின் பணம் முழுதும் கையில் வராமல் முதல் செங்கல்லை எடுக்க வேண்டாம்.

வேலி அடைக்கும்போது 2.4 மீட்டர் பலகை கடையின் பார்வையை மறைக்கும். மூலைகளில் பலகைக்குப் பதில் கம்பி வலை போட்டால் அந்தப் பக்கம் கடை இருப்பது தெரியும். இந்தச் சின்ன மாற்றத்தைக் கேட்டு வாங்கிய கடைக்காரர்கள் அந்த வருடத்தைத் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

தரைக்கு வந்தால், சந்தைக்காரர்களைக் கேட்டு வரைய வேண்டும். கூடாரம் 3 மீட்டருக்கு 3 மீட்டர். ஒவ்வொரு காலிலும் பாரம் தொங்கவிடுவதைவிடத் தரையிலேயே கொக்கி பதித்துவிட்டால் காற்றுநாளிலும் சந்தை நடக்கும். ஆறு கூடாரத்துக்கு ஒரு மின்தூண் வேண்டும். மீன் கடைக்குத் தண்ணீர்க் குழாயும் அதன் அருகிலேயே வடிகாலும் வேண்டும். வேன் நேராக வந்து இறக்கிவிட்டு வட்டமடித்து வெளியே போக இடம் வேண்டும், பின்னால் எடுத்துத்தான் வெளியேற முடியும் என்றால் பெஞ்சுகள் உடையும். வேன் ஏறும் பகுதியில் மெல்லிய கல்லை மணல்மேல் பாவினால் இரண்டாம் குளிர்காலத்தில் ஆடத் தொடங்கும். அங்கே தடித்த கல்லும் கான்கிரீட் அடித்தளமும் வேண்டும். உணவகங்கள் வெளியே மேசை போட வாங்கும் நடைபாதை அனுமதிக்குப் புதிதாக அதிகபட்சம் 500 பவுண்டு, புதுப்பிக்க 350. நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்கும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தெளிவான வழி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கல்லின் நிறத்திலேயே பதித்துவிட்டால் பிறகு சண்டை வராது.

பாவி முடித்த ஆறாவது மாதம் எரிவாயு நிறுவனம் வந்து தோண்டும், அழகான கல்லுக்கு நடுவில் தார் ஒட்டுப் போட்டுவிட்டுப் போகும். 1991-ம் ஆண்டுச் சாலைவேலைச் சட்டத்தின் 58-ம் பிரிவின்படி, பெரிய வேலை முடிந்த தெருவில் ஐந்து வருடம் வரை திட்டமிட்ட தோண்டலைத் தடுக்கலாம். அதற்கு வேலை தொடங்கும் முன்பே எல்லா நிறுவனங்களுக்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். குழாய் மாற்ற வேண்டியவர்கள் அப்போதே மாற்றிக்கொள்வார்கள். வெடித்த குழாய் போன்ற அவசரத் தோண்டலை இது தடுக்காது. ஆகவே அதே சுரங்கத்தின் கல்லில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதலாக வாங்கிப் பலகைகளில் கட்டி, கவுன்சில் கிடங்கில் தெருவின் பெயர் எழுதி வைக்க வேண்டும், எந்த அலமாரியில் என்று சாலைப் பிரிவின் ஏட்டிலும் பதிய வேண்டும். பத்து வருடம் கழித்து அதே நிறத்தில் கல் கிடைக்காது.